நூற்றெட்டுக்கு அப்புறம் டோக்கன் இல்லை

எங்கள் தத்துவத் துறையில் ஒரு பொருளைப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் சுற்றியிருக்கும் எல்லாவற்றின் இருப்பையும், கடைசியாக அந்தப் பொருளின் இருப்பையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். நான் பித்தளை டோக்கன் தருவேன். பார்த்து முடித்த பிறகு டோக்கனைக் கொடுத்துத் திரும்ப வாங்கி மாட்டிவிட்டுப் போகலாம். நடுக்கரிசல் அரசு கலைக் கல்லூரியில் நான் சேர்ந்ததிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக, இதுதான் நடைமுறை.

இருப்பைக் கழற்றினால் பொருள் காணாமல் போய்விடும் என்று மற்ற துறைக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விவரம் கெட்டவர்கள். மேசை அப்படியேதான் தெரியும். கால் நாலும் தெரியும், மேலே கொட்டிய மைக்கறையும் தெரியும். அது இருக்கிறதா இல்லையா என்ற பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த எண்ணம் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தால் மனுஷன் எதையும் பார்ப்பதில்லை. "ஆமா, மேசை, இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். கட்டின பெண்டாட்டியை எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? அதே கதைதான்.

என் பெயர் செண்பகராஜ். துறையின் அலுவலக உதவியாளர். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு மேட்டுப்பெருமாள் கோயில் வாசலில் செருப்புக் காத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் புது டோக்கன் அடித்தபோது பழையது நூற்றெட்டையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள். அதைத்தான் இங்கே வைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு தப்புச் செய்தேன். யாரோ தொலைத்த டோக்கனைப் பொறுக்கிக்கொண்டு வந்தவனுக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உரியவர் வந்து சித்திரை வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு நின்றார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து டோக்கனை மட்டும் பார்த்துக் கொடுப்பதில்லை. கொடுத்தவர் எவரோ, அவர் கையில்தான் திருப்பிக் கொடுப்பேன். கல்லூரி முதல்வரே வந்து நின்றாலும் சரி.

இந்தத் துறையிலும் ஒரே ஒரு தடவை கை மாறியிருக்கிறது. மின்விசிறியின் இருப்பும் ஜன்னலின் இருப்பும் பார்ப்பதற்கு ஒரே சாம்பல் நிறம். மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் ஜன்னல் சுற்றியது. மின்விசிறி வழியாக வேதியியல் துறை தெரிந்தது.

இன்னொரு விதியும் உண்டு. மாலை ஐந்து மணிக்குள் வாங்கப்படாத இருப்பை, வளாகத்தில் கண்ணில் படுகிற வேறு எதற்காவது மாட்டிவிட வேண்டும். சும்மா வைத்திருந்தால் கெட்டுப் போகும். ஒருமுறை யாரும் வாங்காமல் விட்ட சுவர்க்கடிகாரத்தின் இருப்பைக் காவலாளியின் நாய்க்கு மாட்டினேன். அது இன்றைக்கும் மணிக்கு ஒரு தடவைதான் குரைக்கிறது.

எங்கள் துறையில் ஒரே பேராசிரியர், அமலோற்பவம் மேடம். தூத்துக்குடிப் பக்கம். ஐம்பத்து நாலு வயது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்கத் தெரிந்தவர் என்று நான் ஒருவரைச் சொல்வேன் என்றால் அது அவர்தான். ஒரு வருடம் வடக்குச் சுவரில் விழுந்த வெடிப்பை மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தார். நாலாவது வாரம் வெடிப்பு, தன்னை ஒருவர் இவ்வளவு மதித்தது போதும் என்று தானாக மூடிக்கொண்டது. கட்டடப் பிரிவிலிருந்து வந்து கைகூப்பிவிட்டுப் போனார்கள்.

பதினோரு வருடமாக அவர் ஒரு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவர்சில்வர் டம்ளர், முக்கால் அளவு தண்ணீர். தினமும் காலையில் மண்பானையிலிருந்து புதுத் தண்ணீர் மாற்றி வைப்பது என் வேலை. மேடம் அதைத் தொடமாட்டார். தனக்கு வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு வருவார். டம்ளரைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு இரண்டாயிரத்து நானூறு பக்கம் இருந்தது. விளிம்பில் விழும் வெளிச்சத்துக்கு மட்டும் நூற்றுப்பத்துப் பக்கம். ஒருநாள் என்னிடம், "அண்ணே, உங்களுக்கு இது எப்படித் தெரியுது?" என்று கேட்டார். "டம்ளர் மாதிரி தெரியுது மேடம்" என்றேன். அதை என் பெயர் போட்டு எழுதிக்கொண்டு, இரண்டு நாள் வேறு எதுவும் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தார். என் பேச்சை யாரும் அதற்கு முன்னாலும் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை, பின்னாலும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல்தான் தீரவில்லை. டம்ளருக்கு எப்போதும் ஒரு பின்பக்கம் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் போய் நின்றால் அது முன்பக்கமாகி, விட்டுவிட்டு வந்த பக்கம் பின்பக்கமாகிவிடும். நாலு பக்கமும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணாடிகளுக்குப் பின்பக்கம் முளைத்தது.

இப்படி இருக்கையில் இயக்குநரகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருடமாகத் தத்துவத் துறையில் ஒரு மாணவர்கூடச் சேரவில்லை. எனவே சேர்க்கையின் கடைசி நாளான ஆனி மாத வியாழக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள், ஒன்று, ஒரு மாணவராவது சேர்ந்திருக்க வேண்டும். அல்லது, துறை இதுவரை ஒரு பொருளையாவது முழுமையாகப் பார்த்து முடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் துறை மூடப்படும். பேராசிரியர் விடுதி அலுவலகத்துக்கு மாற்றப்படுவார். டம்ளர் வேதியியல் துறைக்குப் போகும்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் பத்து மாதம்தான். என்னை எங்கே தூக்கிப் போட்டாலும் கவலையில்லை. ஆனால் அந்த அம்மாவை விடுதி அலுவலகத்தில் போட்டு இட்லிக் கணக்கு எழுத வைப்பார்கள் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. யானையைக் கட்டி வைத்துக் கீரைப் பாத்தி உழச் சொல்கிற கதை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு வந்தது. இரண்டு பேர். தலைவர் திருமலைக்கொழுந்து சார், ஓய்வுபெற்ற முதல்வர், நல்ல உயரம். உறுப்பினர் ஷரிபா பேகம் மேடம், படிவங்களில் பழுத்த அனுபவம், மூன்று நிறத்தில் பேனா வைத்திருந்தார்.

அன்றைக்கு எங்கள் மேடம் தண்ணீர் பாட்டிலை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆனிக் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது.

"பானைத் தண்ணி ஒரு சொம்பு தரட்டுமா மேடம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்ணே. நடுவுல எந்திரிக்க முடியாது."

வேலை ஆரம்பித்தது. அறையில் இருந்த ஒவ்வொன்றின் இருப்பையும் மேடம் கழற்றிக் கதவருகே என் மேசையில் வைக்க, நான் பதிவேட்டில் எழுதி அலமாரியில் வைத்தேன். சுவர் நாலும் கனம். வேப்பமரம் வெளியே நின்றாலும் ஜன்னலில் தெரிவதால் அதையும் கழற்றினோம், கசப்பு வாடை அடித்தது. கதவு வழியாகத் தெரிந்த எங்கள் கல்லூரி முதல்வரின் இருப்பு பெரிய பெட்டியில் வந்தது, தூக்கிப் பார்த்தால் நூறு கிராம் டீத்தூள் கனம்கூட இல்லை. கடைசியில் டம்ளர், தண்ணீர். டோக்கன் முப்பதோடு சாமான்கள் முடிந்தன.

"சார், உங்களோடதும் வேணும்," என்றார் மேடம். "ஓரத்துல தெரியுறீங்க."

திருமலைக்கொழுந்து சார் சட்டையைச் சரி செய்துகொண்டு கண்ணியமாகக் கொடுத்தார். ஷரிபா பேகம் மேடம் ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு குழு இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை, இல்லை என்றும் சொல்வதற்கில்லை. அவர்களுக்கு வைத்த வடை நாலும் தீர்ந்தன. யார் தின்றார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. தலைவர் நாற்காலியிலிருந்து சிறு குறட்டை வந்தது.

முப்பத்து மூன்றாவது டோக்கனுக்கு மேடம் தன் இருப்பையே கொடுத்தார். இது தினமும் நடப்பதுதான். அமலோற்பவம், வயது ஐம்பத்து நாலு, இணைப் பேராசிரியர், முழங்கால் வலி உண்டு என்று எழுதி வைத்துக்கொள்வேன். அது போன பிறகும் உள்ளே ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பெயர் ஊர் எதுவும் கிடையாது. பார்க்கிறவள், அவ்வளவுதான். அவளை இதுவரை கழற்றியதில்லை.

"அண்ணே, இன்னைக்கு ஒண்ணு கூடுதலா வைக்கப் போறேன்."

"என்னது மேடம்?"

"பார்க்கிறவளை."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"பதினோரு வருஷமா பின்பக்கம் பாக்கி நிக்குதே, ஏன்னு யோசிச்சேன்," என்றார். "நான் ஒரு பக்கமா நிக்கிறதாலதான் அதுக்கு மறுபக்கம்னு ஒண்ணு வருது. நான் எங்கயுமே நிக்கலைன்னா, மறுபக்கமே கிடையாது. டம்ளர் முழுசாத் தெரியும்."

"ஆழம் தெரியாம கால விடக் கூடாது மேடம்."

"கால விடாம ஆழம் எப்படித் தெரியும்ணே?"

"சரி, அஞ்சு மணிக்குத் திருப்பித் தரணுமே. யார் கையில தர? கொடுத்தவங்க கையிலதான தருவேன். கொடுத்தவங்களே அலமாரியில இருந்தா?"

"அது உங்க பொறுப்புண்ணே," என்றார்.

படித்தவர்கள் எப்போதும் இப்படித்தான். மலையைத் தூக்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு, தலையணை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்பார்கள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் முகம் போல இருந்தது. "கொடுங்க" என்றேன்.

பார்க்கிறவளைக் கையில் வாங்கினால் எடையே இல்லை. பாத்திரம் கழுவிய கையில் மிச்சமிருக்கும் குளிர்ச்சி மட்டும்தான். அலமாரியில் வைத்துவிட்டு முப்பத்து நாலாவது டோக்கனை நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"மேடம், இப்ப டோக்கன் வாங்குனது யாரு?"

"நான்தாண்ணே."

"அப்ப அலமாரியில இருக்கிறது?"

"அதுவும் நான்தான். ஆனா அதை இப்ப நான் பாத்துக்கிட்டு இருக்கேனே."

"அப்ப நீங்க இன்னும் வெளிய நிக்கீங்க."

"ஆமா," என்றார். "இதையும் வச்சுருவோம்."

அதையும் வைத்தோம். முப்பத்தைந்து. அதை வைப்பதைப் பார்த்துக்கொண்டு இன்னொருத்தி நின்றாள். அவளையும் வைத்தோம். முப்பத்தாறு. ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் போனவளின் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டே அலமாரிக்குப் போனாள். அங்கே ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் இருப்பவளின் முதுகைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. நாங்கள் நிறுத்தவில்லை. எழுபது, எண்பது, தொண்ணூறு. ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை, ஒருத்திகூட நான் மட்டும் இருந்துவிட்டுப் போகிறேனே என்று கேட்கவில்லை. பெரிய பெரிய சாமியார்களைக் கோயில் வாசலில் பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றவே யோசிப்பார்கள். இந்த அம்மா தன்னைத்தானே விடாமல் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் கும்பிடவில்லை.

இரண்டு நாற்பதுக்கு நூற்றெட்டாவது டோக்கனும் போய்விட்டது. அப்போதும் ஒருத்தி வந்து மேசைமேல் தன்னை வைத்தாள்.

"டோக்கன் இல்ல மேடம்," என்றேன்.

கை எதுவும் நீளவில்லை. வாங்குவதற்கு டோக்கன் இல்லாததால் வாங்குகிறவளும் இல்லாமல் போயிருந்தாள். அதோடு வரிசை முடிந்தது. நூற்றொன்பதாவது என்று ஒரு காகிதத் துண்டில் எழுதி, அதை அலமாரி விளிம்பில் வைத்தேன்.

அறைக்குள் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முன்னால் டம்ளர் தெரிந்துகொண்டிருந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நான் சாமானுக்குத்தான் பொறுப்பு, பார்வைக்கு இல்லை. பார்த்தால் நான் நிற்கும் பக்கத்துக்கு ஒரு மறுபக்கம் வந்துவிடும். இவ்வளவு பாடும் வீணாகும்.

மணி மூன்றானது. மூன்றரையானது. காவலாளியின் நாய் நாலு மணிக்கு ஒரு தடவை குரைத்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில், விதிப்படி, மேடத்தை எடுத்து வேறு எதற்காவது மாட்ட வேண்டும். வாசலில் ஒரு பழைய சைக்கிள் நின்றது. கண்ணில் முதலில் பட்டது அதுதான். பதிவேட்டைப் புரட்டினேன். நூற்றொன்பதுக்கு எதிரே 'கொடுத்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. கடவுளே, யாரைக் கூப்பிட்டுக் கொடுப்பேன்?

நாலு பத்துக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. மடக், மடக் என்று தண்ணீர் இறங்கும் சத்தம். பிறகு ணங்கென்று டம்ளரை வைக்கும் சத்தம்.

இப்போது பார்க்கலாம் என்று திரும்பினேன். நாற்காலி காலி. டம்ளரும் காலி.

செருப்புக் காத்தவனுக்கு ஒன்று தெரியும். எதைக் கழற்றி வைத்தாலும் சனங்கள் பாதத்தை உள்ளே கொண்டுதான் போகிறார்கள். அதற்கு டோக்கன் கிடையாது. நூற்றொன்பதாவதைக் கொண்டு வந்து மேசையில் வைத்தது எதுவோ, அதுதான் இப்போது தண்ணீர் குடித்தது. காலையிலிருந்து நாங்கள் அதைக் கழற்றவே இல்லை. பதிவேட்டில் அது இல்லவே இல்லை.

பானையையும் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"கொடுத்தது நீதானா?" என்று கேட்டேன்.

டம்ளர் என் பக்கம் நீண்டது. "இன்னும் கொஞ்சம்," என்றது தாகம். தொண்டை கட்டிய குரல்.

ஊற்றப் போனவன் நிறுத்திக்கொண்டேன். நல்ல வேளை, புத்தி வேலை செய்தது. இது வயிறு நிறையக் குடித்துவிட்டால் போய்விடும். அப்புறம் சாமானை வாங்க ஆளிருக்காது.

"முதல்ல கையெழுத்து, அப்புறம் தண்ணி," என்றேன்.

பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் டம்ளரின் அடிப்பகுதியை வைத்து எடுத்தது. ஈர வட்டமாக ஒரு கையொப்பம் விழுந்தது. எதிரே 'கொடுத்தவர்: தாகம், பெற்றுக்கொண்டவர்: தாகம்' என்று எழுதினேன். அரை டம்ளர் ஊற்றிவிட்டு நூற்றொன்பதாவதை அதனிடம் ஒப்படைத்தேன். அவள் கையில் நூற்றெட்டாவது டோக்கன் இருந்தது. அதற்கு நூற்றெட்டாவதைக் கொடுத்தேன். அவள் கையில் நூற்றேழு. அதற்கப்புறம் நான் அலமாரிக்கும் நாற்காலிக்கும் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, இந்த வயதில் எனக்குப் போதும். நாலு முப்பத்தைந்துக்கு முப்பத்து மூன்றாவது டோக்கனையும் வாங்கிக்கொண்டு, அமலோற்பவம், வயது ஐம்பத்து நாலு என்பதை மாட்டிவிட்டேன். மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ஸ்" என்றார். அந்த வலியைக் கேட்டதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சாமான்களின் இருப்பை மேடம் வாங்கி மாட்டினார். குழுவின் இருப்பையும் அவர்கள் கையில் கொடுத்தேன். திருமலைக்கொழுந்து சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முழுசாப் பாத்து முடிச்சாச்சாம்மா?"

"முடிஞ்சுது சார். ரெண்டு நாப்பதுலேர்ந்து நாலு பத்து வரைக்கும் டம்ளர் முழுசாத் தெரிஞ்சுது. பின்பக்கம் இல்ல."

"யாருக்குத் தெரிஞ்சுது?"

"யாரும் அங்க இல்ல சார்."

"குறிப்பு எழுதியிருக்கா?"

"எழுத ஆளில்ல சார்."

அவர் நியாயமான மனிதர். தலையாட்டிவிட்டு, 'பொருள் முழுமையாகப் பார்க்கப்பட்டது. பார்த்தவர் இல்லை. நிபந்தனை நிறைவேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மேடம் அதைக் கவனிக்கவில்லை. டம்ளரைக் கையில் எடுத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்தில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"அண்ணே, ரெண்டாயிரத்து நானூறு பக்கம் எழுதியிருக்கேன்," என்றார். "இது குடிக்கிற தண்ணின்னு ஒரு வரி எழுதல."

அழுதார். நானும் அழுதேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

மணி நாலு நாற்பத்தைந்து. ஷரிபா பேகம் மேடம் என் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் பச்சைப் பேனா நூற்றொன்பதில் வந்து நின்றது.

"இதுல கையொப்பம் போட்டிருக்கிறது யாரு?"

"தாகம் மேடம்."

"ஊழியரா?"

"இல்ல."

"பார்வையாளர்னா வாசல்ல பேர் எழுதியிருக்கணும். எழுதியிருக்கா?"

"இல்ல மேடம்."

"வளாகத்துக்குள்ள ஊழியர், பார்வையாளர், மாணவர் மூணு பேருக்குத்தான் அனுமதி. முதல் ரெண்டும் இல்லைன்னா மாணவர்தான். விண்ணப்பம் எங்க?"

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு," என்றார் திருமலைக்கொழுந்து சார்.

படிவத்தை நான் நிரப்பினேன். எங்கள் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். குடித்துவிட்டால் விண்ணப்பதாரர் போய்விடும். மாணவர் பெயர், தாகம். தாய்மொழி, தமிழ். அங்க அடையாளம் இரண்டு கேட்டிருந்தார்கள். ஒன்று, அடித்தொண்டையில் வறட்சி. இரண்டு, கீழுதட்டில் வெடிப்பு. தகப்பனார் அல்லது பாதுகாவலர் என்ற கட்டத்தில் வந்து பேனா நின்றுவிட்டது.

"பாதுகாவலர் இல்லாம சேர்க்க முடியாது," என்றார் ஷரிபா பேகம் மேடம்.

"அண்ணே," என்றார் எங்கள் மேடம். குரல் உலர்ந்து போயிருந்தது. "பதினோரு வருஷமா தெனமும் காலையில அதுக்குத் தண்ணி வச்சது நீங்கதானே."

எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை கிடையாது. என் பெயரை எழுதினேன். முதலெழுத்துப் போடும் இடத்தில் 'செ.' என்று போட்டேன். செ. தாகம். குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்ற கேள்விக்கு, ஆம் என்று எழுதி, இரண்டு தடவை அடிக்கோடிட்டேன். நாலு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. துறை மூடப்படவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. தாகம் முதல் பெஞ்சில் உட்காருகிறது. மேடம் பாடம் நடத்தி முடித்து, புரிந்ததா என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம்" என்கிறது. வேறு பேச்சுக் கிடையாது. இருபத்தாறு வருடச் சர்வீசில் தனக்கு இப்படி ஒரு மாணவர் கிடைத்ததில்லை என்று மேடம் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். வகுப்பு முடியும்வரை அவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் அல்லவா. மணி அடித்ததும் குடிப்பார். பிள்ளை அன்றைக்குக் கிளம்பிவிடும்.

சேர்க்கைத் தேதியை நீட்டித்ததில் ஆடி மாதம் தூக்கமும் வந்து சேர்ந்தது. அதற்குப் பாதுகாவலர் திருமலைக்கொழுந்து சார். பிற்பகல் வகுப்புகளுக்குத் தவறாமல் வருகிறது. பாவம், சாதுவான பிள்ளை.

போன வாரம் முதல் பருவத் தேர்வு. ஒரே ஒரு கேள்வி. டம்ளரை விவரிக்க, நூறு மதிப்பெண். தண்ணீர் நிரம்பிய டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நான் வெளியே வந்து நின்றேன். பத்து நிமிடத்தில் தாகம் எழுந்து போய்விட்டது. விடைத்தாளில் ஒரு எழுத்து இல்லை, நடுவில் ஈர வட்டம் மட்டும். டம்ளர் காலியாக இருந்தது. மேடம் விடைத்தாளை ஒரு மணி நேரம் பார்த்தார். டம்ளரை ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு சிவப்பு மையில் தொண்ணூற்றொன்பது என்று போட்டு, பக்கத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்று எழுதினார்.

பாதுகாவலர் கையொப்பம் வாங்கி வரச் சொல்லி மதிப்பெண் பட்டியலை என்னிடமே கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி அதை எடுத்துக்கொண்டு போய்த் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். எதிர்வீட்டுக்காரர் மட்டும், அந்த ஒரு மார்க் எங்கே போச்சு என்று கேட்டாராம்.